சிஐசிஎஸ் காம்ஏரியாவின் வரம்பு 32 கேபியா, 24 கேபியா? 40,000 பைட் பதிவை எப்படி அனுப்புவது?

ஐபிஎம் மெயின்பிரேமில் பரிவர்த்தனை நிரல்களை இயக்கும் மென்பொருளான சிஐசிஎஸ்ஸில், ஒரு நிரல் மற்றொன்றுக்குத் தரவை அனுப்பும் நினைவகப் பகுதியே காம்ஏரியா. அதற்கு இரண்டு எண்களும் சரியே. உங்கள் பதிவு இரண்டிலுமே அடங்காது. காம்ஏரியாவின் நீளத்தைச் சொல்லும் புலம் குறியுடன் கூடிய இரண்டு பைட் எண் என்பதால், அதில் 32,767க்கு மேல் எழுத இடமில்லை. ஒரு சிஐசிஎஸ்ஸிலிருந்து மற்றொரு சிஐசிஎஸ்ஸுக்கு அனுப்புவதானால் 24 கேபியைத் தாண்ட வேண்டாம் என்பது ஐபிஎம்மின் பரிந்துரை.

ஆனால் அந்த வரம்பை நெருங்குவதற்கு வெகு முன்பே என் நிரல் ஒன்று விழுந்தது. பாலிசி விவரங்களை அனுப்பும் அந்த கோபால் (COBOL) மொழி நிரலில் நீளத்துக்கான மாறியை எஸ்9(4) காம்ப் (நான்கு இலக்க பைனரி எண்) என்று அறிவித்திருந்தேன். அட்டவணையில் வரிசைகளைக் கூட்டியதும் பதிவு 12,400 பைட்டாக வளர்ந்தது. டிரங்க் எஸ்டிடி விருப்பத்தில் தொகுத்திருந்ததால், நான்கு இலக்கங்களுக்கு மேற்பட்டது வெட்டப்பட்டு, மாறியில் 2,400 மட்டுமே நின்றது. சோதனைச் சூழலில் இரு நிரல்களும் ஒரே ரீஜனில் (தனியாக ஓடும் ஒரு சிஐசிஎஸ்ஸில்) ஓடின. அங்கே மற்றொரு நிரலை அழைக்கும் லிங்க் கட்டளை தரவை நகலெடுக்காமல் முகவரியை மட்டும் தருவதால், மீதி 10,000 பைட்டும் நினைவகத்தில் அப்படியே கிடைத்து, எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோல் தெரிந்தது. உற்பத்திச் சூழலில் அழைக்கப்படும் நிரல் வேறு ரீஜனில் இருந்ததால் 2,400 பைட் மட்டுமே போய்ச் சேர, அதற்கு அப்பாலிருந்த பேக்டு டெசிமல் புலத்தைத் தொட்ட கணமே ஏஎஸ்ஆர்ஏ அபெண்ட் (நிரல் பிழையால் பாதியில் நிற்பது) வந்தது. மாறியை காம்ப்-5 (இலக்க எண்ணிக்கைக்கு வெட்டப்படாத பைனரி வகை) என்று மாற்றியதும் சரியாயிற்று. ஒரு சொல்லுக்காக இரண்டு நாள் டம்ப் (நிரல் நின்ற கணத்தின் நினைவகப் பதிவு) படித்தேன்.

உங்கள் 40,000 பைட்டுக்குப் பழைய குறுக்குவழிகள் வேண்டாம். காம்ஏரியாவில் சுட்டியை வைத்து அனுப்பினால் அந்த முகவரி அடுத்த ரீஜனில் பொருளற்றது. டெம்பரரி ஸ்டோரேஜ் க்யூவில் (சிஐசிஎஸ்ஸின் தற்காலிகச் சேமிப்பு வரிசையில்) எழுதலாம் என்றால், அதன் ஒவ்வொரு உருப்படிக்கும் ஏறத்தாழ இதே 32 கேபி வரம்பு உண்டு, துண்டாக்குவதும் பிறகு அழிப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

2005இல் வந்த சிஐசிஎஸ் டிஎஸ் 3.1 முதல் சேனல், கன்டெய்னர் என்ற வசதி இருக்கிறது: கன்டெய்னர் என்பது தரவை வைக்கும் பெட்டி, சேனல் என்பது அத்தகைய பெட்டிகளின் தொகுப்பு. கன்டெய்னருக்கு இருக்கும் நினைவகத்தைத் தவிர வேறு நிலையான அளவு வரம்பில்லை. நீளமும் நான்கு பைட் எண்ணாகவே சொல்லப்படுகிறது. தரவைப் பெறும் நிரல், கெட் கன்டெய்னர் கட்டளையை நோடேட்டா விருப்பத்துடன் முதலில் கொடுத்து நீளத்தை மட்டும் அறிந்துகொண்டு, பிறகு தரவை வாங்கலாம்.

மாற்றும்போது பழைய நிரலில் ஒரே ஓர் இடத்தை மட்டும் தேடிப் பாருங்கள். சேனல் வழியாக அழைக்கப்பட்ட நிரலில், வந்த காம்ஏரியாவின் நீளத்தைச் சொல்லும் ஈஐபிகேலென் புலம் பூஜ்யமாகவே இருக்கும். 'பூஜ்யமென்றால் முதல் திரையைக் காட்டு' என்று எழுதியிருந்தால், உங்கள் 40,000 பைட்டும் வந்து சேர்ந்த பிறகும் அந்த நிரல் வெற்றுத் திரையைத்தான் அனுப்பும். அந்தச் சோதனைக்கு முன்பாக அசைன் சேனல் கட்டளையால் சேனலின் பெயரைக் கேட்டுப் பார்க்கும்படி திருத்திவிடுங்கள்.