பத்து வருடம் ஆகுமுன் பி.எஃப். கணக்கை முடிக்கலாமா?

கேள்வி: திருமங்கலம் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் அலுவலக உதவியாளராக இருக்கிறேன். வயது 38. வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 ரூபாய். அடுத்த மாதம் மேலூர் பக்கம் வேறொரு கல்லூரியில் 18,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் சேரப் போகிறேன். “பழைய பி.எஃப்.ஐ க்ளோஸ் பண்ணி மொத்தமா எடுத்துடு, நகைக்கடனை அடைச்சிடலாம்” என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்கிறார்கள். கணவருக்கும் அதே எண்ணம்தான். இன்னொரு சந்தேகம்: மாதாமாதம் என் சம்பளத்தில் 3,600 ரூபாய் பிடிக்கிறார்கள். “நிர்வாகப் பங்கும் அதுலதாம்மா” என்கிறார் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அண்ணன். இது சரிதானா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருமங்கலம்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். பி.எஃப். என்று நீங்கள் ஒரே பணமாக நினைப்பது உண்மையில் இரண்டு. அதில் ஒன்றை இப்போது எடுத்துவிட்டால் திரும்ப வராது.

உங்கள் 15,000 ரூபாய்க்கு 12 சதவீதம் 1,800. அது உங்கள் பங்கு, முழுவதும் உங்கள் பி.எஃப். கணக்கில் சேர்கிறது. நிர்வாகமும் அதே 1,800 கட்ட வேண்டும். ஆனால் அதில் 550 ரூபாய் மட்டும்தான் பி.எஃப்.க்குப் போகிறது, மீதி 1,250 பென்ஷன் திட்டத்துக்கு. பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று பத்திகள் தெரியும்: 1,800, 550, 1,250. முதல் இரண்டுக்கும்தான் வட்டி. 2024–25-க்கு அது 8.25 சதவீதம். மூன்றாவது பத்தியில் இருப்பதற்கு வட்டி கிடையாது. அது பணமாக வளர்வதில்லை, சர்வீஸாக, அதாவது நீங்கள் வேலை பார்த்த காலமாக வளர்கிறது.

அந்தச் சர்வீஸ் பத்து வருடம் ஆனால் 58 வயதில் மாதப் பென்ஷன் உரிமையாகிறது. கணக்கு எளிது: கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரி, அதிகபட்சம் 15,000. அதைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். நீங்கள் 58 வரை வேலை பார்த்தால் மொத்தம் 28 வருடம். 15,000 பெருக்கல் 28 வகுத்தல் 70, மாதம் 6,000 ரூபாய். இருபது வருடம் தாண்டியவர்களுக்கு இரண்டு வருடம் கூட்டிப் போடுவார்கள், அப்படியானால் 6,400-ஐத் தாண்டும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் உங்களுக்குப் பின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் குடும்பப் பென்ஷன் இதிலிருந்தே வருகிறது.

இப்போது முடித்து எடுத்தால் என்ன ஆகும்? பென்ஷன் பங்குக்கு, சுமாராக ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற அளவில் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எட்டு வருடச் சர்வீஸ் அதோடு போயிற்று. உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் அந்த 18,000 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 15,000-க்கு மேல் இருக்க, புதிதாக பி.எஃப்.க்குள் வருபவருக்குப் பென்ஷன் திட்டத்தில் இடமில்லை. 2014 செப்டம்பர் 1 முதல் இதுதான் விதி. பி.எஃப்.பில் சேர்க்க வேண்டிய கட்டாயம்கூடப் புது நிர்வாகத்துக்கு இருக்காது. ஏற்கெனவே உறுப்பினராக இருந்து, கணக்கை மாற்றிக்கொண்டு போகிறவருக்கு அந்தத் தடை இல்லை. சம்பளம் எவ்வளவு கூடினாலும் 15,000 வரைக்குமான பென்ஷன் தொடரும். கூட வேலை பார்க்கிறவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் உங்கள் புதுச் சம்பளத்தை வைத்து அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். இன்னும் ஒரு வருடம் எட்டு மாதம்தான். அதற்குள் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

தவிர, முழுப் பணத்தையும் எடுக்கும் செட்டில்மென்ட் வேலையில்லாமல் இருப்பவருக்கானது. அடுத்த மாதமே இன்னொரு பி.எஃப். நிறுவனத்தில் சேர்ந்துகொண்டு, வேலையில்லை என்று எழுதிக் கொடுப்பது சரியல்ல. புதுக் கல்லூரியில் இரண்டாவதாக ஒரு யு.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) வாங்கிக்கொள்ளச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். இருக்கிற பன்னிரண்டு இலக்க எண்ணையே கொடுங்கள்.

பழைய கணக்கைப் புதுக் கல்லூரிக்கு மாற்றும்போது நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இனிஷியலில்தான். பி.எஃப். பதிவில் அப்பா பெயரின் எழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் அதுவே பெயருக்குப் பின்னால், அல்லது கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரின் எழுத்தாக மாறியிருக்கும். வங்கியில் மூன்றாவது விதம். ஒரு புள்ளி, ஒரு இடைவெளி மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். பழைய கல்லூரியில் இருக்கும்போதே ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் நிர்வாகத்தின் ஒப்புதலும் தேவைப்படலாம். விலகிய பிறகு அதற்காக அலைவது கஷ்டம். விலகிய தேதியைப் பழைய கல்லூரி பதிவு செய்துவிட்டதா என்பதையும் கவனியுங்கள்.

பணம் மாறிய பிறகு புதுப் பாஸ்புக்கில் பென்ஷன் பத்தி பூஜ்யம் காட்டும். பதறாதீர்கள். அங்கே மாறுவது பணமல்ல, சர்வீஸ். ‘சர்வீஸ் ஹிஸ்டரி’ பகுதியில் பழைய கல்லூரியின் தேதிகள் இருந்தால் போதும்.

பிற்பாடு அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் பணியிடத்திலோ உங்களுக்கு வேலை கிடைத்தால் அங்கே ஏற்பாடே வேறு. அப்போதும் பத்து வருடம் ஆகாத சர்வீஸைப் பணமாக எடுக்காமல், சான்றிதழாக வாங்கி வைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

நகைக்கடன் உறுத்துவது புரிகிறது. வட்டியைக் கட்டிப் புதுப்பித்து, புதுச் சம்பளத்தில் கூடுதலாக வருவதை அப்படியே அதற்கு ஒதுக்குங்கள். அவசரமென்றால் ஒரு உருப்படியை விற்று மற்றதை மீட்பதுகூட இதைவிட நல்லது. மருத்துவம், பிள்ளைகள் படிப்பு போன்றவற்றுக்குக் கணக்கை முடிக்காமலே முன்பணம் எடுக்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும். அதோடு நாமினியையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய நாமினேஷன் செல்லாது.

இனி அந்த 3,600. தவறு, முழுக்கத் தவறு. படிக்கும்போதே எனக்கு வயிறு எரிந்தது. நிர்வாகத்தின் பங்கை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. நீங்கள் சம்மதித்து எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது. மாதம் 1,800 ரூபாய் உங்கள் கூலியிலிருந்து போயிருக்கிறது. எட்டு வருடமாக இதே அளவில் பிடித்திருந்தால் ஒன்றே முக்கால் லட்சத்துக்கு அருகில் வரும். நகைக்கடனுக்கு நீங்கள் தேடுகிற பணம் அங்கே இருக்கிறது. சில இடங்களில் வேலை நியமன உத்தரவிலேயே நிர்வாகப் பங்கையும் சேர்த்து மொத்தத் தொகையாகக் காட்டியிருப்பார்கள், அந்தக் கணக்கு வேறு. உங்கள் உத்தரவில் சம்பளம் என்னவென்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் எடுத்துப் படியுங்கள்.

ஆனால் அவசரப்பட்டு இப்போதே சண்டைக்குப் போக வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்கள் கல்லூரி வசம் இருந்தால் வாங்குங்கள். விடுவிப்பு உத்தரவு, அனுபவச் சான்று இரண்டும் கைக்கு வரட்டும். பே ஸ்லிப், வங்கி ஸ்டேட்மென்ட், பாஸ்புக் மூன்றையும் மாதவாரியாகச் சேர்த்து, பிடித்ததும் கட்டியதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வேலையை விட்ட பிறகும் புகார் கொடுக்கலாம். மதுரை மண்டல பி.எஃப். அலுவலகம் சொக்கிகுளத்தில், லேடி டோக் கல்லூரி சாலையில் இருக்கிறது. மாதந்தோறும் 27-ம் தேதி மாவட்ட அளவில் குறைகேட்பு முகாமும் நடத்துகிறார்கள். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிக்கொள்ளுங்கள்.