இறுதி வெற்றியாளர் யார்?

வணக்கம் சார்,

ஒரு விளையாட்டு இணையதளத்துக்கு ஆங்கிலச் செய்திகளை மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். 'இவென்ச்சுவல் வின்னர்' என்று வந்த இடத்தில் 'இறுதி வெற்றியாளர்' என்று எழுதினேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. அதே வாரம் ஒரு பழைய ஆட்டக்காரரின் நோயையும் 'இவென்ச்சுவல் டெத்'தையும் பற்றி ஒரு வரி வந்தது. 'நோயும் இறுதி மரணமும்' என்று போட்டேன். ஆசிரியர் சிவப்பில் வட்டம் போட்டு, 'இதற்கு முன்னால் எத்தனை முறை செத்தார்?' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அகராதியில் 'இறுதியான, முடிவான' என்றுதான் இருக்கிறது. இந்தச் சொல் எதனோடெல்லாம் சேர்ந்து வரும், தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு பட்டியல் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

க.

அன்புள்ள க.,

உங்கள் ஆசிரியர் நல்ல வாசகர். ஆனால் அவர் 'இறுதி வெற்றியாளரை' விட்டிருக்கக் கூடாது. அதிலும் இதே தப்புதான், மரணம் இல்லாததால் கண்ணில் படவில்லை.

நீங்கள் விளையாட்டு எழுதுகிறவர் என்பதால் சேப்பாக்கத்துக்கே போவோம். 2023 அக்டோபர் 8, உலகக் கோப்பை. ஆஸ்திரேலியா 199 ரன்னுக்குச் சுருண்டது. நாம் 2 ரன்னுக்கு 3 விக்கெட்டை விட்டுவிட்டு வயிற்றைக் கலக்கினாலும், கோலி 85, ராகுல் ஆட்டமிழக்காமல் 97 என்று ஆடி, 6 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தோம். அன்று ராத்திரி ஸ்டேடியத்தை விட்டு வெளியே வந்த யாரிடமாவது ஆஸ்திரேலியாதான் சாம்பியன் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். நவம்பர் 19, அகமதாபாத்தில் என்ன நடந்தது என்பதை நான் திரும்பச் சொல்ல வேண்டாம். அதற்கு அப்புறம்தான், சென்னையில் இந்தியா தோற்கடித்தது 'இவென்ச்சுவல் சாம்பியன்' ஆஸ்திரேலியாவை என்று எழுத முடிந்தது. அக்டோபர் 8 ஆட்டத்துக்கு அந்த அடைமொழி ஆறு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. 2022 கால்பந்து உலகக் கோப்பையில் சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்ற அர்ஜென்டினாவும், 2010இல் முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் 1-0 என்று தோற்ற ஸ்பெயினும் இதே கதைதான்.

கதை முடிந்த பிறகு, முடிவு தெரிந்தவன் திரும்பி வந்து நடுப்பக்கத்தில் ஓரமாக எழுதி வைக்கிற குறிப்புதான் 'இவென்ச்சுவல்'. பார்க்கப் பெயரடை, உள்ளே இருப்பது காலம். 'ஃபைனல்' அப்படியில்லை. அது வரிசையில் கடைசியாக நிற்பது, அவ்வளவுதான். 'ஃபைனல் டிசிஷன்' இன்று காலை 11 மணிக்கே வரலாம். அதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம். 'இவென்ச்சுவல் டிசிஷன்' என்பது இழுத்தடித்து, கூட்டம் போட்டு, கடைசியில் எது வந்ததோ அது. அடுத்த மாதமே அதை மாற்றியிருக்கலாம்கூட. 'அல்டிமேட்' தூரத்து எல்லை: அல்டிமேட் கோல், அல்டிமேட் ரெஸ்பான்சிபிலிட்டி. (நம் ஊரில் அந்தச் சொல் முதலில் அஜித்துக்கும், அப்புறம் பிரியாணிக்கும் போய்விட்டது. அதைப் பேச இன்னொரு கடிதம் வேண்டும்.)

சரி, பட்டியல். வின்னர், சாம்பியன், விக்டரி, சக்சஸ் ஒரு கூட்டம். டிஃபீட், டவுன்ஃபால், கொலாப்ஸ், டிமைஸ், டெத் இன்னொன்று. ரிட்டர்ன், ரிலீஸ், ரெக்கவரி மூன்றாவது. அவுட்கம் எல்லோரோடும் சேரும். ஜெயிப்பது, தோற்பது, விழுவது, சாவது, திரும்புவது: இந்தப் பெயர்ச்சொற்களுக்குள் ஒரு வினை ஒளிந்திருப்பதைப் பாருங்கள். 'இவென்ச்சுவல்' அந்த வினையைத்தான் பிடித்துக்கொள்ளும். மேசைக்கும் நாற்காலிக்கும் முன்னால் அது வராது. ஆனால் 'இவென்ச்சுவல் ஹஸ்பெண்ட்' வரும், கணவன் என்பது ஒருவன் பிற்பாடு ஆகிற காரியம் என்பதால்.

உங்களுக்கு வேண்டிய வழியும் இதிலேயே இருக்கிறது. ஆங்கிலம் பெயர்ச்சொல்லுக்குள் மடித்து வைத்த வினையைப் பிரித்து எடுத்துவிடுங்கள். நம்மிடம் பெயரெச்சம் இருக்கும்போது பெயரடைக்கு ஏன் அலைய வேண்டும்? 'கடைசியில் கோப்பையை வென்ற ஆஸ்திரேலியா.' முடிந்தது. ஆட்களைப் பற்றியென்றால் 'பின்னாளில்' கைகொடுக்கும்: 'பின்னாளில் திருநாவுக்கரசரான மருள்நீக்கியார்' என்று நாம் எப்போதும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். சாம்ராஜ்யம் சரிந்தது என்றால் 'நாளடைவில்'. இழுபறிக்குப் பிறகு ஒருவர் சிறையிலிருந்து வந்தார் என்றால் 'ஒருவழியாக'. அந்த ஒரு சொல்லில் அலைச்சல், பெருமூச்சு எல்லாம் வந்துவிடும். ஆங்கிலத்தில் அதற்கு ஈடாக ஒற்றைச் சொல் எனக்குத் தெரிந்து இல்லை. 'இவென்ச்சுவல் அவுட்கம்' வந்தால் 'கடைசியில் என்ன ஆயிற்று' என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இதன் லத்தீன் வேருக்கு 'வெளியே வருவது, விளைவது' என்று பொருள். அதே வேரிலிருந்து ஜெர்மனுக்குப் போன 'எவென்டுவெல்' என்றால் 'ஒருவேளை'. என் அக்கா மகன் சென்னையில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். ஜெர்மனியிலிருந்து ஒரு வாடிக்கையாளர், மார்ச்சில் 'இவென்ச்சுவலி' வருவோம் என்று ஆங்கிலத்தில் மெயில் போட்டார். இவர்கள் ரூம் போட்டு, சால்வை வாங்கி, கீழே ரிசப்ஷனில் கோலமும் போட்டாயிற்று. அவர் சொன்னது 'வந்தாலும் வருவோம்'. வரவில்லை. சால்வை இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது. ஆகவே ஐரோப்பியர் யாராவது எழுதிய ஆங்கிலம் உங்கள் மேசைக்கு வந்தால் ஒரு தரம் சந்தேகப்படுங்கள்.

அவனேதான் இன்னொன்றும் சொன்னான். கணினிக்காரர்களிடம் 'இவென்ச்சுவல் கன்சிஸ்டென்சி' என்று ஒன்று இருக்கிறது. 2007இல் அமேசான் தன் டைனமோ என்கிற தரவுச் சேமிப்பைப் பற்றி வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்டது. ஒரே தகவலின் நகல்கள் பல கணினிகளில் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றவை அந்த நொடியே மாறாது. புதிதாக யாரும் எதையும் மாற்றாமல் இருந்தால், எல்லாம் கடைசியில் ஒன்றுபோல் ஆகிவிடும். எப்போது? அதைச் சொல்ல மாட்டார்கள். இங்கே சொல் முன்னோக்கிப் பார்க்கிறது: நடப்பது நிச்சயம், தேதி மட்டும் இல்லை. இந்த மாதிரி இடத்தில் 'கடைசியில்' கொஞ்சம் இடிக்கும், 'போகப் போக ஒத்துவிடும்' என்பது பொருந்தும்.

உங்கள் இரண்டு வரிக்கு வருவோம். முதலாவதை 'கடைசியில் பட்டம் வென்றவர்' என்று மாற்றுங்கள். தலைப்பில் இடம் போதாது என்றால் 'பட்டம் வென்றவர்' போதும், எது கடைசி என்பது வாசகருக்கே தெரியும். இரண்டாவதை ஒரு வாக்கியமாக விரித்துவிடுங்கள்: 'நோயில் படுத்தவர், தேறாமலே இறந்துபோனார்.' இதற்கும் சிவப்பு வட்டம் வந்தால், என்ன எழுதியிருந்தார் என்று எனக்கும் சொல்லுங்கள்.