ஆந்திராவில் மதம் மாறியவர்கள் எத்தனை பேர், வழிபாட்டுப் பழக்கம் கூடுகிறதா குறைகிறதா: நம்பகமான கணக்கு எங்கே கிடைக்கும்?

2011 பிப்ரவரியில், சித்தூர் மாவட்டம் நகரி பக்கம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போன ஆசிரியர்களில் நானும் ஒருவன். ஒரு வீட்டில் சுவரில் இயேசு படம், ஸ்டூல் மேல் தெலுங்கு பைபிள். மதம் என்ன என்று கேட்டதும் அந்த அம்மா தயங்கினார்.

"இந்துன்னே எழுதிக்கோங்க சார். பையன் சர்டிபிகேட்டுக்கு ஏதாவது வந்துடப் போகுது."

இந்தப் படிவத்தை யாரும் வாங்கிப் பார்க்க முடியாது, 1948-ம் வருடச் சட்டமே அப்படி என்று சொன்னேன். "இருக்கட்டும் சார்" என்றார். சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது எங்களுக்கு உத்தரவு. எழுதினேன்.

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையும் பின்னால் வந்த திருத்தங்களும் சேர்ந்து இந்து, சீக்கியர், பௌத்தரை மட்டும்தான் பட்டியல் சாதியாக ஏற்கின்றன. பட்டியல் சாதிக் குடும்பம் சாதிச் சான்றிதழில் கிறிஸ்தவர் என்று பதிவானால் ஆந்திராவில் பி.சி.-சி பிரிவு, அதாவது பிற்படுத்தப்பட்டோரில் ஓர் உட்பிரிவு. 15 சதவீத ஒதுக்கீட்டில் இருந்த பிள்ளை 1 சதவீதத்துக்குப் போய்விடுவான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒன்றுபட்ட ஆந்திராவில் கிறிஸ்தவர்கள் 2001-ல் 1.55 சதவீதம், 2011-ல் 1.34. அதே பத்து வருடத்தில் எங்கள் பக்கம் ஜெப வீடுகள் பெருகியதை நான் கண்ணால் பார்த்தேன். அதற்காக "உண்மையில் இருபது சதவீதம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் நம்பாதீர்கள். சொல்லாமல் விட்டவர்களை யாரும் எண்ணவில்லை.

இருந்தாலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதவாரியாக எண்ணிக்கை தரும் சி-1 அட்டவணையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மண்டலம் (நம் தாலுகா மாதிரி) வரை இலவசமாகக் கிடைக்கும். 2014-ல் மாநிலமும் 2022-ல் மாவட்டங்களும் பிரிந்ததால், பழைய எல்லையோடு பழைய எல்லையைத்தான் ஒப்பிட வேண்டும். ஒரு மதத்தின் பங்கு கூடினாலே மதமாற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிறப்பு விகிதம், இடப்பெயர்ச்சி எல்லாம் அதற்குள் இருக்கிறது. பிறப்பு விகிதத்துக்கு தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிருப்பதால், அதுவரை 2011 எண்கள்தான்.

வழிபாட்டுப் பழக்கத்தை அந்தப் படிவத்தில் கேட்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கும் போய், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் காவடியும் எடுக்கிற வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. அவர்களுக்கும் ஒரே கட்டம்தான். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019-20-ல் இந்தியாவின் பல மாநிலங்களில் சுமார் 30,000 பேரை நேரில் பார்த்து, எந்த மதத்தில் வளர்ந்தீர்கள், இப்போது எந்த மதம், தினமும் பிரார்த்தனை செய்கிறீர்களா என்று தனித்தனியாகக் கேட்டது. கேட்க வேண்டிய முறை அதுதான். தினமும் பிரார்த்திப்பவர்கள் 60 சதவீதம் என்று வந்தது. ஆனால் ஒரே ஒரு தடவை எடுத்ததை வைத்துப் பழக்கம் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. அதற்கு டெல்லியில் உள்ள லோக்நீதி அமைப்பின் தேர்தல் ஆய்வுகளைத் தேடுங்கள். பிரார்த்தனை, கோயிலுக்குப் போவது பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட தேர்தல்களில் கேட்டிருக்கிறார்கள். ஒப்பிடும் முன் இரண்டு வருடத்திலும் கேள்வியின் வார்த்தைகள் ஒன்றுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.