விழித்திரை விலகல்: அறுவை சிகிச்சைக்குப் பின் எழும் கேள்விகள்

கேள்வி: அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. விழித்திரை நன்றாக ஒட்டிவிட்டது என்கிறார் மருத்துவர். ஆனால் எழுத்துகள் வளைந்து தெரிகின்றனவே?

பதில்: விழித்திரை ஒட்டுவதும் பார்வை மீள்வதும் ஒரே நாளில் நடப்பவை அல்ல. வாசிப்பதற்குத் தேவையான கூர்மையைத் தரும், விழித்திரையின் மையப் பகுதியான மேக்குலாவின் ஒளியுணர் செல்கள், பின்னால் உள்ள ரத்தநாளப் படலத்திலிருந்தே ஆக்சிஜனைப் பெறுகின்றன; திரை விலகியதும் அந்தத் தொடர்பு அறுந்து, சில நாட்களுக்குள்ளேயே அவை நலியத் தொடங்குகின்றன. அதனால் மேக்குலா விலகியதா, விலகியிருந்தால் எத்தனை நாள் அப்படியே இருந்தது என்பவைதான் பார்வையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் தெரியும். அதன்பின் ஓராண்டும் அதற்கு மேலும் மெல்ல மெல்லத் தொடரலாம். செல்கள் பழைய இடத்தில் இம்மி பிசகாமல் அமராததால் வரும் வளைவு நாளடைவில் குறையக்கூடும். மேக்குலாவின் மேல் மெல்லிய சவ்வு வளர்ந்தாலும் இப்படித் தெரியும் என்பதால் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் அந்தச் சவ்வை உரித்து எடுக்கலாம்.

கேள்வி: எனக்கு வாயு செலுத்தினார்கள், என் தம்பிக்குப் பட்டை வைத்தார்கள். எது உயர்ந்தது?

பதில்: இரண்டின் நோக்கமும் ஒன்றே. விழித்திரையில் உள்ள கிழிசலை அடைத்தால்தான் திரை ஒட்டும் என்பதை 1920களில் சுவிட்சர்லாந்தின் ஜூல் கோனின் நிறுவினார். இன்றைய முறைகள் அனைத்தும் அதன் வழிவந்தவையே. இளையவர்களுக்கு, கண்ணின் உட்புறத்தை நிரப்பும் விட்ரியஸ் கூழ்மம் விழித்திரையிலிருந்து இன்னும் பிரியாத கண்களில், கண்ணின் வெளிப்புறம் சிலிக்கான் பட்டை தைப்பது பெரும்பாலும் பொருந்தும். கிட்டப்பார்வை சற்றுக் கூடும். கண்புரை நீக்கி லென்ஸ் வைத்த கண்களுக்கு விட்ரெக்டமியே (அந்தக் கூழ்மத்தை அகற்றிவிட்டு வாயு அல்லது சிலிக்கான் எண்ணெய் நிரப்பும் முறை) பெரிதும் தேர்ந்தெடுக்கப்படுகிறது. இயற்கை லென்ஸ் உள்ளவர்களில் பலருக்கு விட்ரெக்டமிக்குப் பின் ஓரிரு ஆண்டுகளில் கண்புரை வரும்; அது சரிசெய்யக்கூடியதே.

கேள்வி: குப்புறப் படுப்பது அவசியமா? எப்போது விமானத்தில் போகலாம்?

பதில்: வாயுக்குமிழி எப்போதும் மேல்நோக்கி எழுவதால், அது கிழிசலின் மேல் அழுந்தும்படி தலையை வைக்க வேண்டும், கிழிசல் எங்கே என்பதைப் பொறுத்து இது மாறும் என்பதால், எல்லோரும் குப்புறப் படுக்க வேண்டியதில்லை. கிழிசலைச் சுற்றி இடும் லேசர் தழும்பு இறுக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். குமிழி கரையும்போது பார்வையின் மேற்பகுதி முதலில் தெளியும். தலையை அசைத்தால் தளும்பும் ஒரு கோடு நாளுக்கு நாள் கீழிறங்கும். குமிழி முற்றிலும் மறையும்வரை விமானமும் மலையேற்றமும் கூடாது: வெளியழுத்தம் குறைந்தால் குமிழி விரிந்து, கண்ணழுத்தம் உயர்ந்து, ரத்த ஓட்டமே தடைபடலாம். வேறு அறுவை சிகிச்சை வந்தால், குமிழியை விரியச் செய்யும் மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடைத் தவிர்க்க, கண்ணில் வாயு இருப்பதை மயக்க மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: வாயுவுக்குப் பதிலாக நிரப்பிய சிலிக்கான் எண்ணெய் கண்ணில் உள்ளபோதே கண்ணாடி மாற்றலாமா?

பதில்: பொறுத்திருங்கள். எண்ணெயை எடுத்ததும் பவர் மாறிவிடும்.

கேள்வி: ஆறாவது வாரத்தில் ஓரத்தில் மீண்டும் நிழல் தெரிகிறது. அடுத்த பரிசோதனைவரை காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம், இன்றே செல்லுங்கள். தழும்புத் திசு சுருங்கித் திரையை மறுபடி இழுக்கும் சிக்கல் பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான் தலைகாட்டும். மேக்குலாவை எட்டுமுன் பிடித்துவிட்டால் காப்பாற்றக்கூடிய பார்வை மிக அதிகம்.