ஹேண்டி ரைஃபிள்: கேள்வி பதில்

கேள்வி: ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் ஹேண்டி ரைஃபிள் (மடித்துத் திறந்து ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுவது), .308 தோட்டாவுக்கானது, பழையது ஒன்று மலிவாகக் கிடைத்தது. முதலில் எதை மாற்றலாம்?

எதையும் மாற்றாதீர்கள். இரண்டு மூன்று வகைத் தோட்டா வாங்கி 100 கெஜத்தில் சுட்டுப் பாருங்கள். பேரல் (குழல்) ஃப்ரேமோடு (டிரிகர் இருக்கும் நடு உடல்) பூட்டிக்கொள்ளும் இடத்தைத் துடைத்து உலர்வாக வையுங்கள். அங்கே எண்ணெய் தடவிவிட்டு, சுடும்போது தானாகத் திறந்துகொள்கிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. அப்புறம் தோளில் படும் முனைக்கு நல்ல ரப்பர் மெத்தை. வால்நட் கட்டை எல்லாம் கடைசியில்தான். மானுக்கு அது தெரியப்போவதில்லை.

கேள்வி: என்னிடம் இதே கம்பெனியின் 12 கேஜ் (குழல் அளவு) ஷாட்கன் இருக்கிறது. .308 பேரல் மட்டும் வாங்கி மாட்டலாமா?

கூடாது. வழக்கமான 12 கேஜ் தோட்டாவின் அழுத்த உச்சவரம்பு 11,500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட்). .308-க்கு 62,000. ஷாட்கன் ஃப்ரேம் வேறு, ரைஃபிள் ஃப்ரேம் வேறு. மாட்டினால் உட்காரும் என்பதுதான் ஆபத்தே. ரைஃபிள் ஃப்ரேமுக்குக்கூட முன்பெல்லாம் ஃப்ரேமைத் தொழிற்சாலைக்கு அனுப்பித்தான் புது பேரல் பொருத்தி வாங்குவார்கள். 2015-இல் உற்பத்தியே நின்றுவிட்டது. இனி கைதேர்ந்த கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருவர் ஹெட்ஸ்பேஸ் (தோட்டா உட்காரும் இடைவெளி) பார்த்துத் தர வேண்டும்.

கேள்வி: ஸ்கோப் மாட்டியபின் துப்பாக்கியின் சுத்தியலை (ஹேமர்) இழுக்க விரல் போகவில்லை.

சுத்தியலில் பக்கவாட்டாக மாட்டும் நீட்டிப்புத் துண்டு கிடைக்கும். அவ்வளவுதான்.

கேள்வி: முன்கட்டைக்குள் (பேரலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) ஓ-ரிங் (ரப்பர் வளையம்) வைப்பது மூடநம்பிக்கை இல்லையா?

இல்லை. முன்கட்டை ஒரே திருகால் பேரலின் அடியில் தொங்குகிறது. மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஒவ்வொரு முறையும் பேரலை வேறு மாதிரி அழுத்தும். குண்டு விழும் இடம் நகரும். திருகு ஏறும் இடத்தில் ஓ-ரிங் வைத்தால் கட்டை அங்கே மட்டும்தான் தொடும், மற்ற இடமெல்லாம் விலகி நிற்கும். செலவு காபிக் காசுகூட இல்லை.

கேள்வி: (வேறொருவர்) ரப்பர் இறுகிப்போகும். திருகை ஒரே அளவில் முடுக்கினாலே போதும்.

இறுகினால் மாற்றுங்கள். ஒரே அளவில் முடுக்குவதும் நல்லதுதான், ஆனால் கட்டை உப்புவதை அது தடுக்காது.

கேள்வி: (முதலில் கேட்டவர்) என் ரைஃபிளில் வித்தியாசமே தெரியவில்லை.

ஐந்து குண்டு அடுத்தடுத்துச் சுட்டீர்களா? மெல்லிய பேரல், சூடேறினால் எல்லாமே அலையும். ஆறவிட்டு ஒவ்வொன்றாகச் சுடுங்கள். அதே தோட்டா, ஓ-ரிங்கோடு ஒரு இலக்குத் தாள், இல்லாமல் ஒரு தாள். தாளைப் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுங்கள், சந்தோஷமாகக் கேட்கிறேன்.

கேள்வி: டிரிகர் கல்லாக இருக்கிறது. ஸ்பிரிங்கை வெட்டலாமா?

வெட்டாதீர்கள். கன்ஸ்மித்திடம் கொடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் இதை வைத்து வேட்டைக்குப் போக முடியுமா?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் படியுங்கள். ஆயுத உரிமம் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: 20 கேஜ் ஃப்ரேமில் ரைஃபிள் பேரல்...

மேலே படியுங்கள்.

கேள்வி: .45-70 பழைய காலத்துத் தோட்டா, அழுத்தம் குறைவு. அதுவாவது ஷாட்கன் ஃப்ரேமில்?

28,000 பிஎஸ்ஐ. 20 கேஜுக்கு 12,000. கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.