1,319 பள்ளிகளும் மிச்சம் 224 பள்ளிகளும்

வணக்கம்.

அரசு நிர்வாகம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நானும் ஓர் உறுப்பினர். காலை உணவுத் திட்டம் பற்றி மூன்று சந்தேகங்கள். முதல்வரே பேரவையில் அறிவித்த பிறகும் பிள்ளைகள் தட்டில் உப்புமா விழ மாதக்கணக்கில் ஆவது ஏன்? மளிகை வரத் தாமதமானால் தலைமை ஆசிரியர் ஒன்றிய அலுவலகத்தைக் காட்டுகிறார். அங்கே போனால் மகளிர் திட்டத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். அவர்கள் சமூக நலத்துறை என்கிறார்கள். யார்தான் பொறுப்பு? கடைசியாக, ஆய்வுக்கு எடுத்த 1,543 பள்ளிகளில் 1,319இல் வருகை கூடியிருக்கிறது என்று மாநிலத் திட்டக் குழுவே சொல்லியிருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவர், "இதெல்லாம் ஒரு ஆய்வா?" என்கிறார். அவர் சொல்வது சரியா?

க., தேனி மாவட்டம்

*

அன்புள்ள க.,

உங்கள் குழுக்காரர் சொல்வது பாதி சரி. அதற்கு வருவதற்கு முன்னால் மற்ற இரண்டையும் பார்த்துவிடுவோம். மூன்று சிக்கலும் தொடங்கும் இடம் ஒன்றுதான்: அரசாணை எழுதப்படும் அந்தச் சில வாரங்கள்.

2022 மே 7 அன்று இந்தத் திட்டம் பேரவையில் விதி 110இன் கீழ் அறிவிக்கப்பட்டது. விதி 110 அறிக்கைமீது விவாதம் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. மேசையைத் தட்டுவார்கள், அவ்வளவுதான். கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய் எடுக்கக்கூட அந்த அறிக்கை போதாது. அரசாணை ஜூலை கடைசியில் வந்தது. செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கினார்கள். அறிவிப்பிலிருந்து அரசாணைக்கு ஏறத்தாழ எண்பது நாள், அரசாணையிலிருந்து சாப்பாட்டுக்கு ஐம்பது நாள். கோட்டையின் நடைக்கு இது தாமதமே இல்லை. கொஞ்சம் அவசரம் என்றுகூடச் சொல்வேன்.

அந்த எண்பது நாளில் நடப்பது இது. துறைத் தலைமையிலிருந்து கருத்துரு, அதாவது திட்ட முன்மொழிவு வரும். தலைமைச் செயலகத்தில் பிரிவில் குறிப்பு எழுதி, பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் எனக் கோப்பு செயலாளர் வரை ஏறும். பிறகு நிதித்துறைக்குப் போகும். ஒரு திட்டம் எந்த வடிவில் ஊருக்கு வந்துசேரும் என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. நிதித்துறை கேட்கும் கேள்விகள் எந்தத் திட்டத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இதில் தொடர் செலவு எவ்வளவு, தொடராச் செலவு எவ்வளவு? புதிதாகப் பணியிடம் கேட்கிறீர்களா? ஒரு பயனாளிக்கு ஒரு நாளைக்கு என்ன ஆகிறது? எந்தக் கணக்குத் தலைப்பு? ஏற்கெனவே இருக்கும் திட்டத்தோடு சேர்க்க முடியாதா?

இதற்கெல்லாம் பதில் போய், இசைவு கிடைத்த பிறகுதான் அரசாணையில் எண் விழும். எந்த நிதி அரசாணையையும் எடுத்துக் கடைசிப் பத்தியைப் பாருங்கள். "இவ்வாணை நிதித்துறையின் இசைவுடன் வெளியிடப்படுகிறது" என்ற பொருளில் ஒரு வரியும், அந்த இசைவின் எண்ணும் நாளும் இருக்கும். அரசாணையின் தேதியைவிட அந்த நாளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கோப்பு எங்கே எவ்வளவு காலம் கிடந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

நிதிநிலை அறிக்கை வைத்த பிறகு அறிவிக்கும் திட்டத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அது 'புதுப் பணி', அதாவது நிதிநிலை அறிக்கையில் இல்லாத புதுச் செலவு என்று வகைப்பட்டால் பேரவையின் ஒப்புதல் வேண்டும். பேரவை கூடும் வரை காத்திருக்க முடியாதபோது எதிர்பாராச் செலவு நிதியிலிருந்து முன்பணம் எடுத்து, பின்னால் துணை மதிப்பீட்டில் நேர்செய்வார்கள். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் முதல் வருடம் திட்டம் கடன் வாங்கிய காலில் நடக்கிறது. செலவுப் பட்டியல்கள் பணம் வராமல் நிற்பதும் அந்த முதல் வருடத்தில்தான் அதிகம்.

முதல் கட்டத்துக்கு ஒதுக்கியது 33.56 கோடி ரூபாய். 417 மாநகராட்சிப் பள்ளிகள், 163 நகராட்சிப் பள்ளிகள், 728 ஊரகப் பள்ளிகள், 237 மலை மற்றும் தொலைதூரப் பள்ளிகள், ஆக 1,545. பிள்ளைகள் 1,14,095 பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 2,941 ரூபாய் வரும். வருடத்துக்கு 220 பள்ளி நாள் என்று வைத்தால் ஒரு நாளைக்குப் பதின்மூன்று ரூபாய் சொச்சம். ஆனால் இந்தப் பதின்மூன்றை அப்படியே நம்பிவிடாதீர்கள். அடுப்பும் பாத்திரமும் ஒருமுறைச் செலவு, ரவையும் பருப்பும் தினச் செலவு. இரண்டையும் பிரிக்காமல் வகுத்த எண்ணை வைத்து அடுத்த ஆண்டுக்குத் திட்டமிட்டால் ஒன்று பணம் மிஞ்சும், இல்லை பருப்பு நீர்த்துப்போகும். 2023 மார்ச் நிதிநிலை அறிக்கை 30,122 பள்ளிகள், 18 லட்சம் பிள்ளைகள், 500 கோடி என்றது. ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் விரிவாக்கம் தொடங்கியபோது சொன்ன கணக்கு 31,008 பள்ளிகள், 15.75 லட்சம் பிள்ளைகள், 404.41 கோடி. பள்ளி கூடியிருக்கிறது, பிள்ளை குறைந்திருக்கிறது. அறிவிப்பில் வரும் எண் மதிப்பீடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதில் பதற ஒன்றுமில்லை. ஆனால் பிற்பாடு திட்டத்தை அளக்கும்போது எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பணமும் அரசாணையும் சமூக நலத்துறையுடையவை. பள்ளியும் ஆசிரியர்களும் கல்வித்துறை. சமைக்கும் சுய உதவிக் குழுவைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி தருவது மகளிர் திட்டம். கிராமத்தில் கட்டடமும் சமையலறையும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில். அதே சமையலறையில் மதியம் சத்துணவு அமைப்பாளர் வேலை பார்க்கிறார். நான்கு துறைகள், ஒரு சாவி. காலையில் ஆசிரியர் வருவதற்கு முன்னால் கதவைத் திறப்பது யார், சாவி யார் வீட்டில் இரவு இருக்கும், சிலிண்டர் தீர்ந்தால் யார் பெயரில் பதிவு செய்வது? இந்த மாதிரிக் கேள்விகளுக்குக் கோட்டையில் யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஆனால் சாப்பாடு நிற்பது இவற்றால்தான்.

ஒருங்கிணைப்பு என்றால் குழு அமைப்பது என்று நம் அரசுகள் எடுத்துக்கொள்கின்றன. மாநிலக் குழு, மாவட்டக் குழு, பள்ளி அளவில் குழு. எல்லாக் குழுவிலும் எல்லாத் துறையும் இருக்கும், எந்தக் குழுவிலும் ஒருவர் பெயரில் ஒரு வேலை இருக்காது. ஆட்சியர் நடத்தும் ஆய்வுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் பார்த்தால் திட்டம் உருப்படுமா என்று சொல்லிவிடலாம். "சம்பந்தப்பட்ட துறைகள் ஒருங்கிணைந்து செயல்பட அறிவுறுத்தப்பட்டது" என்றிருந்தால் ஒன்றும் நடக்காது. "வட்டார வளர்ச்சி அலுவலர், இந்தப் பள்ளி, இந்தத் தேதிக்குள்" என்றிருந்தால் நடக்கும். ஆகவே மளிகைக்காக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்காதீர்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தேதி, பொருள், குறைந்த அளவு மூன்றையும் தீர்மானமாக எழுதி, திட்டத்தை நடத்தும் துறைக்கு, அதாவது மாவட்ட சமூக நல அலுவலருக்கு அனுப்புங்கள். நகல் ஆட்சியருக்கு. அளவைக் கணக்கிடுவது எளிது. ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்பது அரசாணை வைத்த அளவு. 60 பிள்ளைகள் என்றால் ஒரு காலைக்கு 3 கிலோ ரவை, 900 கிராம் பருப்பு. "சாப்பாடு சரியில்லை" என்ற மனுவை ஓரமாக வைக்கலாம். "செவ்வாய்க்கிழமை 900 கிராமுக்குப் பதில் 400 கிராம்" என்ற தீர்மானத்துக்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும்.

ஆள் விஷயத்தில் ஒரு முடிவை மட்டும் சொல்லிவிடுகிறேன். சத்துணவு ஊழியர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. காலை உணவை சுய உதவிக் குழுப் பெண்களிடம் கொடுத்ததால் புதுப் பணியிடம் உருவாகவில்லை. நிதித்துறைக்கு அதில் நிம்மதி. சமைப்பவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்ற விதியும் நல்ல யோசனை, தன் பிள்ளை சாப்பிடும் சாம்பாரில் யாரும் தண்ணீர் விட மாட்டார்கள். ஆனால் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டால்? கைதேர்ந்த பெண் விலக வேண்டும், புதியவருக்கு மறுபடி பயிற்சி. அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் யார்? பணியிடம் என்றால் விடுப்புக்கு மாற்று ஏற்பாடும் சேர்ந்தே வரும். இங்கே மிச்சம் பிடித்த பணத்துக்கான விலையை ஏதோ ஒரு காலையில் பள்ளி கொடுக்கிறது.

இப்போது 1,319. மாநிலத் திட்டக் குழு 2022 ஜூன், ஜூலை வருகையை 2023 ஜனவரி, பிப்ரவரி வருகையோடு ஒப்பிட்டது. முதலாவது திட்டம் வருவதற்கு முன், அடுத்தது பின். நூற்றுக்கு 85 பள்ளிகளில் கூடியிருக்கிறது. இது தற்செயலாக நடக்கக்கூடியது இல்லை, அந்த அளவுக்கு உங்கள் குழுக்காரர் தவறு. ஆனால் கூடியது உணவாலா என்பதை இந்த ஒப்பீடு சொல்லாது, அந்த அளவுக்கு அவர் சரி. ஜூனில் பள்ளி திறந்தபோது சேர்க்கையே முடிந்திருக்காது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழுதுகொண்டு பாதி நாள் வீட்டில் இருப்பார்கள். அதுவும் கொரோனாவுக்குப் பிறகு ஒழுங்காக நடந்த முதல் கல்வியாண்டு. உணவே கொடுக்காத பள்ளியிலும் ஜனவரி வருகை ஜூனைவிடக் கூடியிருக்கலாம்.

இதைப் பிரித்துப் பார்க்கப் பெரிய செலவு தேவையில்லை. திட்டம் வராத மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகள் ஏறத்தாழ முப்பதாயிரம் அப்போது இருந்தன. அவற்றின் தினசரி வருகையும் கல்வித்துறையின் அதே கணினித் தொகுப்பில் பதிவாகிறது. உதாரணத்துக்கு, திட்டப் பள்ளிகளில் வருகை 80இலிருந்து 88 ஆனது, மற்ற பள்ளிகளில் 79இலிருந்து 84 ஆனது என்று வையுங்கள். திட்டத்தால் வந்தது எட்டு இல்லை, எட்டில் ஐந்தைக் கழித்த மூன்று. மாநகராட்சிப் பள்ளியை மாநகராட்சிப் பள்ளியோடும் மலைப் பள்ளியை மலைப் பள்ளியோடும் ஒப்பிட்டால் இன்னும் துல்லியம். ஏறத்தாழ ஓராண்டில் கட்டம் கட்டமாக விரித்ததே இதற்கு நல்ல வாய்ப்பு. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு ஒப்பிடுவதற்கு அரசுத் தொடக்கப் பள்ளி எதுவும் மிச்சமில்லை.

எத்தனை பள்ளிகளில் கூடியது என்று எண்ணுவதிலும் ஒரு கோளாறு. 12 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை வராவிட்டால் வருகை எட்டு சதவீதம் சரியும். 300 பேர் படிக்கும் பள்ளியில் அது கண்ணில்கூடப் படாது. இரண்டும் பட்டியலில் ஒவ்வொரு பள்ளிதான்.

தமிழ்நாட்டில் நன்றாக அளந்த திட்டங்கள் இல்லாமலில்லை. நான்கு மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிக்கு மட்டும் பாடம் சொல்லித்தர அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்திப் பார்த்தார்கள். பதினெட்டு மாதம் கழித்து அளந்தபோது கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது, கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறியிருந்தார்கள். அதை நம்ப முடிவதற்குக் காரணம், யாருக்குக் கொடுப்பது, எதை, எப்போது அளப்பது எல்லாம் முதல் நாளுக்கு முன்பே எழுதியிருந்தது. சோறு போடுவதற்குக் குலுக்கல் போட முடியாது, போடவும் கூடாது. ஆனால் எந்தப் பள்ளிகளோடு ஒப்பிடப்போகிறோம் என்று அரசாணையின் இணைப்பில் ஒரு பக்கம் சேர்க்க யாருக்கும் தடை இல்லை. திட்டம் ஊரெங்கும் போய்ச் சேர்ந்து, தொடக்க விழாவும் முடிந்த பிறகு கேட்டால் எந்த ஆய்வும் வாழ்த்துமடலாகத்தான் வரும்.

எனக்கு 1,319ஐவிட மிச்சம் 224 பள்ளிகள்மீதுதான் ஆர்வம். சாப்பாடு போட்டும் அங்கே வருகை ஏன் கூடவில்லை? ஏற்கெனவே எல்லோரும் வந்துகொண்டிருந்த பள்ளிகளா? பேருந்து பள்ளி மணியோடுதான் வருமா, பிள்ளைகள் வரும்போது பாத்திரம் கழுவியாகிவிடுகிறதா? ஆசிரியர் பதியும் வருகையும், சமைக்கும் பெண்கள் செயலியில் பதியும் சாப்பிட்டவர் எண்ணும் இரண்டு துறைகளில் கிடக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதி தெரிந்துவிடும். சாப்பிட்டவர் எண் வருகையைவிடக் கூடுதல் என்றால் கணக்கில் கோளாறு. மிகக் குறைவு என்றால் பிள்ளைகள் தாமதமாக வருகிறார்கள், இல்லை சாப்பாடு பிடிக்கவில்லை.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாநிலத் திட்டக் குழுவின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். "ஏன் வருகை கூடவில்லை?" என்று கேட்காதீர்கள். காரணம் சொல்ல அவர் கடமைப்பட்டவர் இல்லை, அதைச் சொல்லியே மனுவை முடித்துவிடுவார். ஆவணமாகக் கேளுங்கள்: வருகை கூடாத 224 பள்ளிகளின் பட்டியல், பள்ளிவாரியாக இரண்டு காலத்துக்குமான சதவீதம், திட்டம் இல்லாத பள்ளிகளின் அதே மாதத்து வருகை எடுக்கப்பட்டிருந்தால் அதன் நகல். உங்கள் மாவட்டத்துப் பள்ளி ஏதாவது அதில் இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.