சி.பி. குழந்தையின் அறிவை எதைக் கொண்டு அளப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. குறைப்பிரசவத்தில் பிறந்தவன். மூளை முடக்குவாதம் (சி.பி.). கை, கால் நான்கும் இறுக்கம், பேச்சு வரவில்லை. ஊனச் சான்றிதழுக்காக ஐ.க்யூ. பார்த்தார்கள். மரக்கட்டைகளைப் பலகைக் குழிகளில் போடச் சொன்னார்கள், என்னிடம் சில கேள்விகள் கேட்டார்கள், ‘கடுமையான அறிவுசார் குறைபாடு’ என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அவன் அப்பாவின் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வாசலைப் பார்க்கிறான். பெற்ற ஆசையில் எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: ஆசையா, உண்மையா என்பதை வீட்டிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். வழி சொல்கிறோம். அதற்கு முன் அந்தப் பரிசோதனையைப் பற்றி.

நீங்கள் சொல்லும் பலகை ‘சேகுவின் ஃபார்ம் போர்டு’. 10 கட்டைகள். மூன்று தடவை போடவைத்து, எதில் நேரம் மிகக் குறைவோ அதை மன வயதாக (எத்தனை வயதுப் பிள்ளையின் அறிவு என்ற கணக்காக) மாற்றுவார்கள். இறுகிய கை ஒரு கட்டையைப் பிடித்து, தூக்கி, திருப்பி, குழிக்கு மேல் கொண்டுவந்து விரலைப் பிரிப்பதற்குள் கடிகாரம் ஓடிவிடும். நட்சத்திரக் குழி எது என்று அவன் கண் முதல் நொடியிலேயே கண்டிருக்கலாம். மதிப்பெண்ணில் அதற்கு இடமே இல்லை. உங்களிடம் கேட்டவை பெரும்பாலும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலின் கேள்விகளாக இருக்கும்: தானாகச் சாப்பிடுகிறானா, பொத்தான் போடுகிறானா, மாடிப்படி ஏறுகிறானா? கை கால் வராத பிள்ளைக்கு இதில் பாதிக்கு மேல் ‘இல்லை’தான் விழும். இந்த இரண்டை மட்டும் வைத்து அறிவைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது தவறு.

இனி வீட்டுச் சோதனை. முதலில் உட்காரவைக்கும் விதம். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில் மடங்கி, பாதம் முழுதாகப் பலகையில் பதிந்திருக்க வேண்டும். கால் தொங்கினால் உடம்பு முழுக்க இறுகும், தலை பின்னால் சாயும், கண் நிலைக்காது. தலை நடுவில் நிற்கட்டும். சி.பி. உள்ள பல குழந்தைகளுக்குச் சிசுப் பருவத்து அனிச்சை ஒன்று மறையாமல் நிற்கும். தலை வலப்பக்கம் திரும்பினால் வலக்கை தானாக நீளும், இடக்கை மடங்கும். அதைப் பார்த்து ‘சரியாகத் தொட்டான்’ என்றோ ‘தப்பாகத் தொட்டான்’ என்றோ எண்ணி ஏமாறுகிறோம். ஆகவே கையை விட்டுவிடுங்கள், கண்ணைப் படியுங்கள்.

அவனுக்குப் பழக்கமான பொருள்களை, ஒரு படத்தில் ஒரு பொருள் என்று, வெறும் கறுப்புப் பின்னணியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாக, ஒரு சாண் இடைவெளி விட்டு, அவன் கண் மட்டத்தில் பிடிக்க வேண்டும். மேசையில் பரப்ப வேண்டாம். குறைப்பிரசவக் குழந்தைகளில் சிலருக்கு மூளைப் பாதிப்பினால் பார்வைப் புலத்தின் கீழ்ப்பகுதி தெரியாது. கண் மருத்துவர் ‘கண் நன்றாக இருக்கிறது’ என்று சொல்லியிருந்தாலும் இந்தச் சிக்கல் இருக்கலாம்.

கேள்வி கேட்பவர் ஒருவர், படம் பிடிப்பவர் இன்னொருவர். கேட்பவர் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நிற்கட்டும். பிடிப்பவருக்குக் கேள்வி தெரியக் கூடாது, இயர்போனில் பாட்டு ஓடட்டும். விடை தெரிந்தால் அவரை அறியாமலே அவர் கண்ணும் கையும் சரியான படத்தின் பக்கம் சாயும். “சோறு எதில் சாப்பிடுவோம்?” என்று கேட்டுவிட்டு, 10 நொடி ஒரு வார்த்தையும் பேசாமல் காத்திருங்கள். நடுவில் ‘சொல்லுடா கண்ணா’ என்றால் இறுக்கம் கூடி, தேடிப் பிடித்த பார்வை தவறிப்போகும். சரியான படத்தை இடம், வலம் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரு நாளைக்கு 5 கேள்வி, 4 நாளில் 20. குருட்டாம்போக்கில் பார்த்தால் 10 சரியாக வரும். அப்படியே 15 அல்லது அதற்கு மேல் வருவது நூற்றில் இரண்டு தடவைதான். ஆகவே 15-ஐ எட்டினால் உங்கள் பிள்ளை கேட்டு, புரிந்து, பதில் சொல்கிறான். எட்டாவிட்டால் புரியவில்லை என்று அர்த்தமில்லை. செவி, பார்வை, உட்காரும் விதம் மூன்றையும் சரிபார்த்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

வந்த விடைகளைக் குறித்துக்கொண்டு, சி.பி. குழந்தைகளோடு பழகிய உளவியலாளரிடம் போங்கள். ரேவனின் வண்ணப் படச் சோதனையைக் கேளுங்கள். 36 புதிர்கள், ஒவ்வொன்றுக்கும் 6 விடைகள், கடிகாரம் கிடையாது. கண்ணால் காட்டினாலே போதும். கையில் உள்ள சான்றிதழை உதவித்தொகைக்குப் பயன்படுத்துங்கள். அதைக் காட்டி யாராவது பள்ளியில் இடம் மறுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உரிமை தருகிறது.

கேள்வி: சி.பி. உள்ள எங்கள் 5 வயது மகளை ‘லெவல் 4’ என்கிறார்கள். லெவல் கூடினால் அறிவு குறையுமா? அவள் நடப்பாளா?
– ஒரு தந்தை, மதுரை

பதில்: அது உடல் இயக்கத்தை மட்டும் சொல்லும் எண். 1997-ல் கனடாவில் பாலிசானோ என்ற ஆய்வாளரின் குழுவினர் வகுத்தது. லெவல் 1 என்றால் தடையின்றி நடக்கும் பிள்ளை, 3 என்றால் வாக்கர் பிடித்து நடக்கும் பிள்ளை, 5 என்றால் தலையை நிறுத்தவே ஆதரவு தேவைப்படும் பிள்ளை. அறிவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆனால் உண்மையை மறைக்கக் கூடாது. சி.பி. குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறிவுசார் குறைபாடும் இருக்கிறது. லெவல் கூடக்கூட, வலிப்பும் சேர்ந்தால் இன்னும், அந்த வாய்ப்பு அதிகம். வாய்ப்பு என்பது கூட்டத்துக்குச் சொல்வது, உங்கள் மகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பிறந்தபோது கடும் மஞ்சள் காமாலை வந்து, கை கால் முறுக்கி ஆடும் வகைக் குழந்தைகளில் பலர் உடலால் மிகவும் முடங்கியும் அறிவில் தெளிவாக இருப்பார்கள். இவர்களுக்குக் காது கேட்காமல் இருப்பதுதான் அறிவுக் குறைவாகத் தோன்றும். உள்காதை மட்டும் பார்க்கும் ஓ.ஏ.ஈ. சோதனையில் ‘பாஸ்’ என்று வந்தாலும் நிற்காதீர்கள், ஒலி நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனையும் எடுக்க வேண்டும்.

நடப்பது பற்றி: கனடாவின் ஒன்டாரியோவில் 657 சி.பி. குழந்தைகளைத் தொடர்ந்து அளந்து 2002-ல் வெளியிட்ட ஆய்வின்படி, லெவல் 4 குழந்தைகள் தாங்கள் எட்டக்கூடிய இயக்கத் திறனில் 90 சதவீதத்தைச் சுமார் மூன்றரை வயதிலேயே எட்டிவிடுகிறார்கள். தனியாக நடப்பாள் என்று உங்களுக்கு நம்பிக்கையூட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. தெரபி தேவை. மூட்டு இறுகாமலும் இடுப்பு எலும்பு நழுவாமலும் காக்கத் தேவை, இடுப்பு எக்ஸ்ரேயும் குறித்த இடைவெளியில் எடுக்க வேண்டும். ஆனால் நாள் முழுவதும் நிற்கவைக்கும் பயிற்சியிலேயே போனால், படிக்கவும் பேசவும் வேண்டிய வருடங்கள் போய்விடும். அவளே நகர்த்தும் சக்கர நாற்காலியைச் சீக்கிரம் வாங்குங்கள்.

கேள்வி: 4-ஆம் வகுப்பில் சி.பி. மாணவி ஒருத்தி, குறைப்பிரசவத்தில் பிறந்தவள். கால் இரண்டும்தான் இறுக்கம், பேச்சு படு சுட்டி. கணக்கு மட்டும் கோணல்மாணல். சோம்பலா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: சோம்பல் இல்லை. குறைப்பிரசவத்தில் அடிபடுவது மூளையின் நீர் அறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதி. காலுக்குப் போகும் நரம்பிழைகள் அந்த அறைகளுக்கு மிக அருகில் ஓடுகின்றன. அதனால்தான் கையைவிடக் கால் அதிகம் இறுகுகிறது. பார்த்ததை இடம் பிரித்து அறியும் இழைகளும் அங்கேயே. மொழி தப்பிவிடும், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எண்களை அடுக்குவது தடுமாறும்.

கட்டம் போட்ட நோட்டு கொடுங்கள், பெட்டிக்கு ஓர் எண். ஒன்று, பத்து, நூறு இடங்களுக்கு வெவ்வேறு நிறம். பக்கத்துக்கு 3 கணக்குக்கு மேல் வேண்டாம். புத்தகத்தில் ஒரு கணக்கு மட்டும் தெரியும்படி அட்டையில் சதுரம் வெட்டி மேலே வையுங்கள். வாய்விட்டுச் சொல்லிச் செய்யட்டும், பேச்சு அவள் பலம். பெஞ்சில் கால் எட்டாமல் தொங்குகிறதா என்று இன்றே பாருங்கள். தொங்கினால் ஒரு கை பெஞ்சைப் பிடிப்பதிலேயே கழியும். இரண்டு செங்கல்லை அட்டை சுற்றிக் காலடியில் வைத்தாலே எழுத்து மாறும்.

கேள்வி: பேச்சு வராத என் பேரனைப் படப்பலகை, டேப்லெட் என்று பழக்கினால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடாதா?
– ஒரு பாட்டி, திருநெல்வேலி

பதில்: போகாது அம்மா. சொல்ல ஒரு வழி கிடைத்த பிள்ளைக்குப் பேச வேண்டும் என்ற ஆசை கூடத்தான் செய்யும். சென்னையில் வித்யாசாகர் நிறுவனத்தின் துணையோடு உருவான, படத்தைத் தொட்டால் பேசும் ‘ஆவாஸ்’ செயலி தமிழிலும் உண்டு. கருவி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பேரனிடம் ‘ஆமாம்’ என்பதற்கு மேலே பார்க்கவும், ‘இல்லை’ என்பதற்குக் கண்ணை மூடவும் பழக்குங்கள். வீட்டில் எல்லோரும் அதே குறியை ஏற்க வேண்டும். அவன் ‘இல்லை’ என்று கண்ணை மூடினால், கரண்டியில் இருக்கும் அந்த வாய்ச் சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்துவிடுங்கள்.